பாடிய இடம்: பாடியவர் வீடு

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து மலைக்காற்று. காயப்போட்ட வேட்டி பக்கத்து மாடிக்குப் பறந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்கி வருவதற்குள் 8.10 பஸ் போச்சு. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நின்றுகொண்டே. முதல் நாளே தாமதம்.

ஐந்து நாள் பயிற்சி. கல்லூரியில் தமிழ், வரலாறு சொல்லிக்கொடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு. ஆய்வுக்காகச் சேர்த்த தரவை எப்படிப் பாதுகாப்பது, எப்படி எல்லோருக்கும் திறந்து வைப்பது என்று. நடத்துகிறவர் சென்னையிலிருந்து வந்திருக்கும் நித்யா மேடம். முப்பது வயதுகூட இராது. ஆனால் கேள்வி கேட்டால் நமக்கு வேர்க்கிறது.

இன்று எழுதிக்கொண்டவை:
- சேர்த்ததைப் பீரோவில் பூட்டி வைக்காதே. பொதுக் களஞ்சியத்தில் வை. யாரும் பார்க்கட்டும், சரி தப்பு சொல்லட்டும்.
- மூலப் பதிவைத் தொடாதே. நகல் எடுத்து அதில் வேலை செய்.
- ஃபைலுக்கு ஒழுங்காகப் பெயர் வை.
- மதியம் புளிசாதம், உருளைக்கிழங்கு. பரவாயில்லை.

பிற்பகல் அவரவர் பென் டிரைவை மாட்டச் சொன்னார்கள். என்னுடையதில் முப்பத்தொரு ஒப்பாரிப் பாட்டு. மூன்று வருடத்துக்கு முன் வத்திராயிருப்பைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்களிடம் பதிவு செய்தது. அதை வைத்துத்தான் டாக்டர் பட்டம். நித்யா மேடம் என் ஃபோல்டரைத் திரையில் திறந்தார். 'நியூ ரெக்கார்டிங் 14'. 'ஒப்பாரி ஃபைனல்'. 'ஒப்பாரி ஃபைனல் 2'. 'ஒப்பாரி ரியல் ஃபைனல்'. 'விஜயா போன் காப்பி'. கடைசியாக ஒன்று: 'இதுதான்'.

சாத்தூரிலிருந்து வந்திருந்த வரலாற்று ஆசிரியர் சத்தமாகவே கேட்டார். "சார், இதுதான்னா, அப்ப மத்ததெல்லாம் எது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது. பதினெட்டு வருட சர்வீஸ்.

மேடம் கேட்டார்: "இதோட மூலப் பதிவு தனியா வெச்சிருக்கீங்கல்ல சார்?"

இருக்கிறது என்றேன். இல்லை. பேச்சையெல்லாம் வெட்டி, பாட்டு மட்டும் வைத்து, பின்னால் கேட்ட இரைச்சலையும் எடுத்துவிட்டு, பழையதின் மேலேயே சேமித்தவன் நான். அப்போது அதைச் சுத்தமான வேலை என்று நினைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

காற்று குறையவில்லை. இன்று உட்கார இடம் கிடைத்தது.

இன்றைய பாடம்: தரவைப் பற்றிய தரவு. ஒவ்வொரு பாட்டுக்கும் எக்செலில் ஒரு வரிசை. பாடியவர், ஊர், நாள், பாடிய இடம், அனுமதி. அனுமதி எல்லோரிடமும் வாய்வார்த்தையாகக் கேட்டிருக்கிறேன். அதில் குறை சொல்ல முடியாது. பெயரும் ஊரும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் உண்டு. நாள் ஃபைலிலேயே இருக்கிறது. இடம்தான் இடித்தது. களக் குறிப்பு நோட்டு வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போய்விட்டது. யோசித்தால் பத்துப் பன்னிரண்டு நினைவுக்கு வரும். மீதி வராது.

மேடத்திடம் கேட்டேன்.

"தெரியலைன்னா காலியா விடுங்க சார். இல்ல, தெரியவில்லைன்னு போடுங்க. அது ஒண்ணும் தப்பில்ல."

அவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். பக்கத்து மேஜையில் சாத்தூர்க்காரரின் பட்டியல் கட்டம் விடாமல் நிறைந்திருந்தது. நேற்றுச் சிரித்த மனிதர். அவருக்கு முன்னால் நான் வரிசையாகத் தெரியவில்லை, தெரியவில்லை என்று அடித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

முதல் வரிசைக்காரர் கிருஷ்ணன்கோவில் பக்கம். அந்த வீட்டில் துட்டி (சாவு) விழுந்த அன்றே, வீட்டாரைக் கேட்டுப் பதிவு செய்தது. அதனால் 'பாடியவர் வீடு' என்று அடித்தேன். அது உண்மை. பிறகு அந்தக் கட்டத்தின் மூலையில் இருக்கும் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தேன். முப்பத்தொன்று வரைக்கும் 'பாடியவர் வீடு'. ஒரு விநாடி. சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினால் எல்லாம் பச்சை டிக்.

வி.யிடம் (விஜயா, என் மனைவி) வீட்டுக்கு வந்ததும் சொன்னேன், பட்டியல் முடிந்தது என்று. "நல்லவேளை" என்றாள். கேஸ் புக் பண்ண வேண்டும். அவளுடைய பள்ளிக்கூடத்தில் நாளை பெற்றோர் கூட்டம்.

ஜூலை 16, புதன்

நல்ல நாள். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

என்னுடைய தொகுப்புதான் முதலில் களஞ்சியத்தில் ஏறியது. நிரந்தர எண் ஒன்று கொடுத்துவிட்டார்கள். உலகத்தில் எங்கிருந்து தேடினாலும் வரும். மேடம் எல்லோரையும் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். "பாருங்க, ஒரு கட்டம்கூடக் காலியில்ல." சாத்தூர்க்காரர் கை கொடுத்தார். திங்கட்கிழமை சிரித்ததற்கு அது போதும்.

லிங்க்கை எங்கள் துறை வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். முதல்வருக்கு. பழைய மாணவர்களுக்கு. அதோடு விடவில்லை. வி.யின் போனில் பாடிய பெண்கள் சிலரின் வீட்டு நம்பர் உண்டு. பதிவு செய்யப் போகும்போதெல்லாம் அவளும் வருவாள். ஆண்பிள்ளை தனியாகப் போய் ஒப்பாரி பாடச் சொல்ல முடியாது. நம்பர்களை வாங்கி அவர்களுக்கும் அனுப்பினேன். 'உங்கள் பாட்டை இனி உலகமே கேட்கும்' என்று ஒரு வரி சேர்த்து.

உடனே பதில் போட்டது கனகா என்கிற பெண். பாடிய பேச்சியம்மாளின் கொழுந்தன் மகள். இப்போது கல்லூரி இரண்டாம் வருடம். 'எங்க பெரியம்மாவா!! சூப்பர் சார்' என்று மூன்று பூ.

மாலை மணிக்கூண்டுப் பக்கம் பால்கோவா அரை கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. வி. பாயசம் வைத்திருந்தாள். சாப்பிடவில்லை.

பயிற்சியில் மதிய இடைவேளை. வி.யிடமிருந்து போன். பள்ளிக்கூட நேரத்தில் அவள் கூப்பிட மாட்டாள்.

"அந்தப் பட்டியல்ல எங்க பாடினாங்கன்னு போட்டிருக்கீங்க?"

"யாரு?"

"பேச்சியக்கா. எங்க பாடினாங்கன்னு போட்டிருக்கீங்க?"

சொன்னேன். பிறகு, "செத்த நேரத்துல அவங்க உங்களக் கூப்பிடுவாங்க. எடுங்க. எடுக்காம இருந்திராதீங்க" என்று வைத்துவிட்டாள்.

பேச்சியம்மாள் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"தம்பி, நான் வீட்டுக்குள்ளயா பாடுனேன்? நீங்களும் விஜயாவும் வந்தன்னைக்கி, வீட்ல பாடக் கூடாது, தோப்புக்குப் போவோம்னு நான்தான கூட்டிட்டுப் போனேன்? மோட்டார் ரூம் வாசல்ல உக்காந்துதான தம்பி பாடுனேன்?"

ஆமாம் என்றேன்.

"பொறவு ஏன் தம்பி அப்படி எழுதுனீய?"

என்ன சொல்வது. மறந்துட்டேம்மா என்றேன். அது பொய். நான் மறக்கவில்லை. இழுத்தேன்.

நடந்தது இது. பேச்சியம்மாள் வீடும் கொழுந்தன் வீடும் ஒரே வீடு. நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு. நாங்கள் பதிவு செய்தது மாசியில். பங்குனியில் கொழுந்தன் போய்விட்டார். போலீஸில் ஏட்டு. டூட்டியிலேயே நெஞ்சுவலி. நாற்பத்தாறு வயது. நேற்று ராத்திரி கனகா என் லிங்க்கைத் திறந்து, பெரியம்மா பாட்டைத் தன் அம்மா சுப்புத்தாய்க்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். பாட்டு முடிந்ததும் கீழே இருந்த பட்டியலையும் வாசித்திருக்கிறாள். நாள். இடம்.

சாவு இல்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடினால் அந்த வீட்டுக்குச் சாவைக் கூப்பிடுவதாக அர்த்தம். அதனால்தான் எங்களுக்குப் பாடிய பெண்கள் வாய்க்கால் கரைக்கும் புளியமரத்தடிக்கும் தோப்புக்கும் போனார்கள். இது யாரோ சொல்லி எனக்குத் தெரியவேண்டியதில்லை. என் ஆய்வேட்டில் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் அந்தப் பகுதியைத்தான் பாராட்டினார்கள்.

கனகா பெரியம்மாவிடம் போய்க் கேட்டாளாம். "எங்கப்பா உசுரோட இருக்கையிலயே வீட்டுக்குள்ள உக்காந்து ஒப்பாரி வச்சியா பெரியம்மா?"

பேச்சியம்மாள்தான் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர். ஆவணியில் கனகாவுக்கு நிச்சயதார்த்தம். தாய் தாலியறுத்தவள் என்பதால் முன்னால் நின்று தட்டு வாங்க வேண்டியது பெரியம்மா. சுப்புத்தாய் காலையில் தெருவில் நின்று சொன்னாளாம்: "தட்டு வாங்க நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம். அவ இந்த வாசல் பக்கம் வரவேண்டாம்." நடுக்கதவை அந்தப் பக்கம் தாழ் போட்டுவிட்டார்கள்.

பிற்பகல் வகுப்பில் என்ன நடந்ததென்று தெரியாது. நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

ஜூலை 18, வெள்ளி

தூறல். தேரோட்டத்துக்காகத் தெருவைச் சரி செய்கிறார்கள். பஸ் சுற்றிப் போயிற்று.

வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போய் மேடத்தைப் பிடித்தேன். ஒரு வரிசையில் சின்னப் பிழை, அந்தத் தொகுப்பை அழித்துவிடலாமா என்று கேட்டேன். சின்னப் பிழை. அப்படித்தான் வாயில் வந்தது.

"அழிக்க முடியாது சார். அதுக்குத்தான நிரந்தர எண். திருத்தி இரண்டாவது வெர்ஷன் போடலாம். முதல் வெர்ஷனும் இருக்கும். எது மாறுச்சு, ஏன் மாறுச்சுன்னு ஒரு குறிப்பு கட்டாயம் எழுதணும். நேர்மை அதுலதான் சார் இருக்கு."

அவர் என்னைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னார்.

என்ன பிழை என்று அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. நிறைவு விழா வேலையாக ஓடினார்.

மூன்று மணிக்கு விழா. சான்றிதழ். மேடையில் திரை. திரையில் என் பட்டியல். "இந்தப் பயிற்சியின் மாதிரித் தொகுப்பு" என்று மேடம் சொன்னார். கை தட்டினார்கள். 'பாடியவர் வீடு, பாடியவர் வீடு' என்று கீழே ஓடுகிறது. அதில் பதினேழாவது பேச்சியம்மாள். மைக்கை என்னிடம் நீட்டி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

எழுந்தேன். இதோ சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அது நிஜம். ஆனால் வாயைத் திறந்ததும் "இந்த வாய்ப்புக்கு நன்றி" என்று வந்தது. அடுத்து என்னவெல்லாமோ வந்தது. கடைசியில் "தரவு என்பது ஒரு பொறுப்பு" என்று முடித்தேன். தூ.

சாத்தூர்க்காரர் காபி வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "சார், நான் திங்கக்கிழம சும்மா கேலிக்குச் சொன்னேன். மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். நல்ல மனிதர். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சான்றிதழை வி. கண்ணில் படாமல் பையிலேயே வைத்திருக்கிறேன்.

ஜூலை 19, சனி

லீவு. கறி எடுக்கப் போகவில்லை.

காலையிலேயே உட்கார்ந்து இரண்டாவது வெர்ஷன் போட்டேன். பதினேழாவது வரிசையில் மட்டும் 'தென்னந்தோப்பு, மோட்டார் ரூம் வாசல்' என்று மாற்றம். காரணம் என்கிற கட்டத்தில் 'தட்டச்சுப் பிழை'. பத்து நிமிட வேலை. கனகாவுக்கு லிங்க் அனுப்பி, 'தவறு திருத்தப்பட்டது. பெரியம்மா வீட்டில் பாடவில்லை' என்று எழுதினேன். அனுப்பியதும் ஒரு நிம்மதி. வெட்கமில்லாமல் இரண்டு தோசை கூடக் கேட்டு வாங்கித் தின்றேன்.

பதினொன்றரைக்குப் பதில். இந்த முறை பூ இல்லை.

'சார் பழசும் அதுலயே இருக்கு. பழசு போட்டது புதன்கிழமை. வியாழக்கிழமை வீட்ல சண்டை. சனிக்கிழமை மாத்திருக்கீங்க. பெரியம்மா போன் பண்ணி மாத்தச் சொன்னாங்களா? முப்பத்தொண்ணுல அவங்களுது மட்டும் எப்படி சார் தட்டச்சுப் பிழை?'

நாலு தடவை வாசித்தேன். இந்தப் பெண் என்னிடம் படித்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். திறந்து வைத்தால் யாரும் சரி தப்பு பார்க்கலாம் என்று ஐந்து நாள் சொல்லிக்கொடுத்ததை அவள் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டாள். நான் திருத்தியது பேச்சியம்மாளைத்தான் இன்னும் மாட்டிவிட்டிருக்கிறது. சொல்லி மாற்ற வைத்தவர் என்ற பெயரும் இப்போது அவருக்கு.

வி.யிடம் காட்டினேன். வாசித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நேர்ல போகணும்" என்றாள்.

"திங்கக்கிழம பாப்போம்."

"பாப்போம்னா?"

வண்டி துடைக்கப் போனேன். வண்டி சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

வெயில், காற்று இரண்டும்.

போகாமலிருக்க நான் கண்டுபிடித்த காரணங்கள், இன்று காலை மட்டும்:
- குடும்பச் சண்டை, வெளியாள் நுழையக் கூடாது.
- ஆடி மாசம். நல்லது பேசப் போகிற மாதமில்லை. (எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது.)
- இரண்டு நாள் போனால் தானாகவே ஆறிவிடும்.
- தொண்டை கரகரப்பு.
- நான் சொன்னால் மட்டும் நம்பவா போகிறார்கள்?

கடைசிக் காரணம்தான் உண்மையிலேயே கஷ்டமானது. நான் பொய் எழுதினேன் என்று போய்ச் சொல்கிறவனுடைய சொல்லை ஏன் நம்ப வேண்டும்?

அத்தாட்சி ஏதாவது இருக்கிறதா என்று பேச்சியம்மாள் பதிவை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அன்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, நன்றாக நினைவிருக்கிறது. தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "வீட்ல பாடக் கூடாது தம்பி" என்று அவர் சொன்னதும் பதிவாகியிருந்தது. அந்தப் பேச்சை வெட்டியவன் நான். மோட்டார் சத்தத்தையும் தண்ணீர்ச் சத்தத்தையும் ஒரு மென்பொருளில் போட்டு எடுத்தவன் நான். இப்போது கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் பாடினது போலவே இருக்கிறது. அவ்வளவு சுத்தம். மூலப் பதிவு இருந்திருந்தால் அரை நிமிடம் போட்டுக் காட்டினால் போதும், முடிந்திருக்கும்.

பழைய போனில் இருக்குமா என்று வி. பரணைக் கிளறினாள். அவள் போன் பதிவும் நான் நகல் எடுத்ததோடு அழித்தாயிற்று. தலையெல்லாம் தூசியோடு இறங்கி வந்தவள், "நான் சாட்சிக்கு வாரேன். ஆனா பேச வேண்டியது நீங்க" என்றாள்.

மதியத்துக்கு மேல் மூன்றாவது வெர்ஷன் போட்டேன். உறுதியாகத் தெரிந்த பதினொன்றுக்கு இடம் எழுதினேன். மற்ற இருபதுக்கு 'தெரியவில்லை'. காரணக் கட்டத்தில் இப்படி:

'முதல் வரிசை தவிர மற்ற எதற்கும் இடத்தை நான் சரிபார்க்கவில்லை. காலியாக விட வெட்கப்பட்டு, முதல் வரிசையில் இருந்ததையே கீழே இழுத்து நிரப்பினேன். இரண்டாம் வெர்ஷனில் இதைத் தட்டச்சுப் பிழை என்றேன். அதுவும் பொய். மூலப் பதிவுகளும் என்னிடம் இல்லை, நானே அழித்தேன். பாடிய யார்மேலும் தவறில்லை.'

கீழே பெயர், கல்லூரி. பொத்தானை அழுத்திவிட்டு வாசலில் போய் நின்றேன். தெரு நாய்கூட என்னைப் பார்ப்பது போலிருந்தது.

மாலை ஐந்துக்கு நித்யா மேடம் போன். "பாத்தேன் சார்." அப்புறம், "மாதிரித் தொகுப்பு பட்டியல்லேர்ந்து எடுக்க வேண்டியிருக்கும் சார்."

"எடுங்க மேடம்."

"அடுத்த பயிற்சில இதச் சொல்லலாமா? பேர் இல்லாம?"

"பேரோடயே சொல்லுங்க" என்றேன். வீரம் மாதிரிக் கேட்டது. வீரமில்லை. பெயர்தான் ஏற்கெனவே கீழே இருக்கிறதே.

ஜூலை 21, திங்கள்

கல்லூரிக்கு விடுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி வத்திராயிருப்பு, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் நடவு. பழம் வாங்கலாமா என்று வி.யிடம் கேட்டேன். "எதுக்கு? விருந்துக்கா?" என்றாள்.

சுப்புத்தாய் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழவில்லை. கனகா உள்ளேயிருந்து வந்தாள். சத்தம் கேட்டுப் பேச்சியம்மாளும் அவர் பக்கத்து வாசலுக்கு வந்தார். படி இறங்கவில்லை. நாலு நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரச் சொல்லவில்லை. இந்த வீட்டுக்குள் நான் கால் வைத்ததே இல்லை, அவர் வீட்டில் பாட மாட்டேன் என்று எங்களைத் தோப்புக்குக் கூட்டிப் போனார், நான்தான் பொய்யாக எழுதினேன். வி. "ஆமா, நானும் கூட இருந்தேன்" என்றாள்.

சுப்புத்தாய் முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே பேசினாள். "படிச்சவுக. வேணும்னா ஒண்ணு எழுதுவீய, வேண்டாம்னா மாத்துவீய. இன்னைக்கிச் சொல்லுறது மட்டும் நெசம்னு நாங்க எப்படி எடுத்துக்கிட?"

அதைத்தான் நேற்று முழுக்க யோசித்தேன்.

கனகாதான் கேட்டாள். "சார், முப்பத்தோரு பேருக்கும் வேணும்னேவா உக்காந்து பொய் எழுதுனீங்க?"

"எழுதலம்மா. இழுத்தேன்."

"அப்படின்னா?"

அவள் போனை வாங்கினேன். அதில் எக்செல் இருந்தது. ஒரு கட்டத்தில் 'பாடியவர் வீடு' என்று அடித்தேன். மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். முதல் தடவை வரவில்லை. இரண்டாம் தடவை வந்தது. திரை நிறைய 'பாடியவர் வீடு'. போனை அவளிடமே நீட்டினேன்.

அவள் எல்லாவற்றையும் அழித்தாள். மறுபடி தானே இழுத்துப் பார்த்தாள். மறுபடி அழித்தாள்.

"இம்புட்டுத்தானா சார்?"

"இவ்வளவுதான்மா."

"எங்க பெரியம்மா பேருக்கு நேர வரும்போதுகூட நிறுத்தத் தோணலையா?"

"பேரையே பாக்கலம்மா."

இதுவரை நான் எழுதியதில், பேசியதில், இதைச் சொன்னபோதுதான் உடம்பெல்லாம் கூசிப்போனது. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. அம்மாவிடம் போய்க் குந்தி உட்கார்ந்து போனைக் காட்டினாள். "எம்மா, இங்க பாரு. இவரு ஆளப் பாத்து எழுதல. பெரியம்மா பாடல வீட்ல." சுப்புத்தாய்க்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கனகா இன்னொரு தடவை இழுத்தாள். சுப்புத்தாய் பார்த்தாள். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

நான் எதிர்பார்த்தது கோபம். அல்லது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மன்னிப்பு. அவள் முகம் அப்படி எதுவுமில்லாமல் விட்டுப்போயிருந்தது. என்னைத்தான் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப, அவிய எதுக்கு சார் செத்தாவ?"

வி. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மூணு வருசமாக, புருஷன் போனதற்கு அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. போன வாரம் ஒன்று கிடைத்தது, நான் கொடுத்தது. இன்று அதையும் பிடுங்கிக்கொள்ள வந்திருக்கிறேன்.

பேச்சியம்மாள் படி இறங்கி வந்தார். யாரும் தடுக்கவில்லை. சுப்புத்தாய் அவர் பக்கம் திரும்பி அதையே கேட்டாள். "சொல்லுக்கா. எதுக்குச் செத்தாவ? சாகுற வயசாக்கா?"

அவர் சுப்புத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவளும் சாய்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அங்கே எங்களுக்கு வேலையில்லை. போய் வருகிறோம் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டோம். தெருமுனை வரை கனகா வந்தாள். "சார், மத்தவங்க வீட்லயும் போய்ச் சொல்லிருங்க. அவுக வீட்லயும் யாராச்சும் செத்திருப்பாக" என்றாள்.

ஜூலை 22, செவ்வாய்

கல்லூரிக்கு இன்றும் விடுப்பு. முதல்வர் மூன்றாவது வெர்ஷனைப் பார்த்துவிட்டார் போல; வியாழக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிச் செய்தி. பையில் மாத்திரை, குடை, புது நோட்டு ஒன்று; லேப்டாப் வேண்டாம். வரிசை 2, கூமாப்பட்டி. நம்பருக்கு அடித்தேன். பாடிய அம்மாவே எடுத்தார். ஒரு பட்டியலில் உங்களைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டேன், நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றேன். "வாங்க, வாங்க. ஆனா வீட்டுக்கு வேண்டாம் தம்பி, மருமக இருக்கா" என்றார். குரல் தணிந்துவிட்டது. "அவ போன வாரமே படிச்சிட்டா."